வாகனத்தில் வரும் குளிர்ப் பெட்டியும் வாப்பாவின் இன்சுலினும்



சென்ற கோடையில் நிகழ்ந்ததொன்றை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். புதுவை நகரின் தென்பகுதியில், முல்லா வீதியும் காஜியார் வீதியும் அமைந்த நம் மஹல்லாவிலிருந்து உறவினர் குடும்பமொன்று காரைக்காலில் நடைபெறவிருந்த நிக்காஹ்வுக்குக் காரில் புறப்பட்டது. வீட்டுப் பெரியவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகன், தந்தைக்கென்றே காரில் வைக்கும் சிறிய குளிர்சாதனப் பெட்டியொன்றை வாங்கியிருந்தார். "வாப்பா, இனிமேல் பயணத்தில் உங்கள் மருந்துக்கு ஒரு குறையும் வராது" என்று அவர் சொன்னபோது, உம்மாவின் முகத்தில் பெருமிதம் பொங்கியது.

பெட்டியின் மீது எண்கள் ஒளிரும் சிறு கண்ணாடி இருந்தது. புறப்படும்போது அது 5 டிகிரி காட்டிற்று. கடலூரைத் தாண்டும்போது 9. சிதம்பரத்தில் பகல் உணவுக்காகக் காரை வெயிலில் நிறுத்திப் பூட்டிவிட்டுச் சென்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் 19! மகன் பதறிப் போனார். பெட்டி பழுதோ என்ற ஐயத்தில், பொத்தானை அழுத்தி அழுத்தி அதன் குளிர் அளவை அடிமட்டத்துக்குக் கொண்டு சென்றார். காரைக்காலை அடைந்ததும் நிக்காஹ் வீட்டு மின்சாரத்தில் பெட்டியை இணைத்தார்கள். வந்தவர்களை வரவேற்பதிலும் விருந்துப் பரபரப்பிலும் அதை எல்லோரும் மறந்து போனார்கள். இஷாவுக்குப் பின் உணவுக்கு முன்னதாக ஊசி போட்டுக்கொள்ளப் பெரியவர் பெட்டியைத் திறந்தபோது, சுவரோரம் கிடந்த இன்சுலின் குப்பி பனிக்கட்டியாக உறைந்திருந்தது.

"உருகினால் சரியாகிவிடும்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்து உருட்டி உருக்கி அதையே போட்டுக்கொண்டார். மறுநாள் காலை இரத்தச் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. நாவறட்சி, தலைச்சுற்றல், ஓயாத தாகம். மணமக்களை வாழ்த்தச் சென்ற குடும்பம் மருத்துவரைத் தேடி ஓடியது. மருத்துவர் அந்தக் குப்பியை வாங்கிப் பார்த்து, ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின்."

புதிய மருந்தால் பெரியவர் இரண்டு நாளில் தேறிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மகனின் மனத்தில் ஒரு கேள்வி நின்றுவிட்டது. தந்தையின் மீதுள்ள பாசத்தால் பணம் கொடுத்து வாங்கிய பொருளே அவருக்குத் தீங்காக முடிந்தது எப்படி? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை.

நால்வருள் ஒருவர்

"எங்கோ ஒரு வீட்டில் நடந்தது, நமக்கென்ன?" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து, நாடு முழுவதும் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்து நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023 ஜூன் மாதத்தில் வெளியாயின. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல் என்று அந்த ஆய்வு கூறியது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். கோவாவில் 26.4; அதற்கு அடுத்து நிற்பது நம் புதுச்சேரி, 26.3 சதவீதம்! வயது வந்தவர்களில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் என்பது இதன் பொருள். உங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால், அவர்களில் ஒருவர் இந்த நோயைச் சுமந்துகொண்டிருக்கக் கூடும்.

இவர்கள் அனைவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அல்லர். பலருக்கு மாத்திரையே போதும். எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஊசியை நாட வேண்டியவர்களின் எண்ணிக்கை பெருகுகிறது. நம் மாநிலமோ ஒரே இடத்தில் இருப்பதும் அன்று. புதுச்சேரி இங்கே, காரைக்கால் தெற்கே, ஏனாம் ஆந்திரக் கரையில், மாஹி அரபிக்கடலோரம். பெண் கொடுத்ததும் எடுத்ததுமாக உறவுகள் ஊர் ஊராய்ப் பரந்து கிடக்கின்றன. நிக்காஹ், கந்தூரி, பெருநாள், கோடை விடுமுறைக்கு மலைவாசம் என்று பயணங்களுக்குக் குறைவில்லை. எனவே 'காரில் குளிர்' என்பது இனிச் செல்வந்தர் வீட்டு ஆடம்பரம் மட்டுமன்று. பல குடும்பங்களின் தேவை.

குளிர் கடல் கடந்த கதை

குளிரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. 1833ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் அனுப்பிய கப்பலொன்று, குளிர்கால ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைச் சுமந்து நான்கு மாதப் பயணத்தின் பின் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றியது 180 டன். வந்து சேர்ந்தது சுமார் 100 டன். மீதி வழியில் கரைந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' என்பதை நம்மில் பலர் அறிவோம்.

பின்னர் இயந்திரம் வந்தது. பிரான்சைச் சேர்ந்த பெர்தினாந்து கர்ரே 1859இல் அம்மோனியாவைக் கொண்டு பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். மற்றொரு பிரெஞ்சுக்காரரான சார்ல் டெலியே, 1876இல் குளிர் இயந்திரம் பொருத்திய 'லெ ஃப்ரிகோரிஃபிக்' என்ற கப்பலில் இறைச்சியை ஏற்றிப் பிரான்சிலிருந்து அர்ஜென்டினாவுக்கு அனுப்பிக் காட்டினார். நம் புதுவையில் அதே பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கப்பலின் பேரப்பிள்ளைதான் இன்று நம் காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பெட்டி!

மூன்று வகைப் பெட்டிகள்

கடையில் கிடைக்கும் பெட்டிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே அவை மூன்று வேறு இனத்தவை.

முதலாவது, சாதாரண ஐஸ் பெட்டி. இயந்திரம் ஏதுமில்லை, தடித்த சுவர்தான் அதன் பலம். ஒரு கிராம் பனிக்கட்டி கரைந்து நீராவதற்கு 80 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. அது முழுவதும் கரையும்வரை தன் 0 டிகிரியை விட்டு நகர்வதில்லை. ஆகவே ஐஸ் பெட்டியின் குளிர் நிதானமான குளிர்; ஐஸ் தீர்ந்த மறுகணமே ஏறத் தொடங்கும் குளிர்.

இரண்டாவது, விலை மலிவான மின்சாரப் பெட்டி. இரண்டு வேறு பொருள்கள் இணையும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்பதை 1834இல் பிரெஞ்சு நாட்டின் ழான் பெல்த்தியே கண்டறிந்தார். அவர் ஒரு காலத்தில் கடிகாரத் தொழில் செய்தவர். அந்தத் தத்துவத்தில் இயங்கும் பெட்டி இது. இதன் முக்கியமான குணத்தை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை: வெளியே உள்ள வெப்பத்தைவிடச் சுமார் 15 முதல் 20 டிகிரி வரைதான் இதனால் குறைக்க இயலும். குளிர் நாட்டில் வெளியே 22 டிகிரி இருக்கும்போது உள்ளே 4 டிகிரி காட்டும். நம் மே மாதத்து 38 டிகிரியில் அதே பெட்டி 18, 20 என்றே நிற்கும். அது பழுதன்று, அதன் சக்தியே அவ்வளவுதான்.

மூன்றாவது, வீட்டுப் பெட்டியைப் போலவே கம்ப்ரஸர் கொண்டது. விலை அதிகம், ஆற்றலும் அதிகம். வெயில் காலத்திலும் 0 டிகிரிக்குக் கீழே இறங்க வல்லது. நம் உறவினர் வாங்கியது இந்த வகையே. அதன் ஆற்றலே அன்று வினையாயிற்று.

எண்கள் ஏன் ஆடுகின்றன?

'5 டிகிரியில் வைத்தேன். ஏன் 3 காட்டுகிறது, பிறகு ஏன் 8 காட்டுகிறது?' என்று கேட்பவர்கள் பலர். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்ப்ரஸர் எந்நேரமும் ஓடுவதன்று. உள்ளே குறித்த அளவைவிடச் சற்றுக் குளிர்ந்ததும் நின்றுவிடும்; சற்றுச் சூடேறியதும் மீண்டும் ஓடும். இடைவெளி இல்லாவிட்டால் நிமிடத்துக்கு நிமிடம் நின்று ஓடித் தேய்ந்துபோகும். எனவே இரண்டு மூன்று டிகிரி ஏற்ற இறக்கம் பெட்டியின் மூச்சு போன்றது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேலும், கண்ணாடியில் தெரியும் எண் உள்ளிருக்கும் காற்றின் அல்லது சுவரின் வெப்பநிலை; மருந்தின் வெப்பநிலை அன்று. காற்று விரைவில் சூடாகி விரைவில் குளிரும். திரவம் மெல்ல மாறும். மூடியைத் திறந்தவுடன் எண் ஏறுவதால் மருந்தும் அவ்வளவு ஏறிவிட்டது என்று எண்ணலாகாது.

அடுத்த காரணம், காரின் மின்சாரம். பல கார்களில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால், பெட்டியைச் செருகும் துளைக்கும் மின்சாரம் நின்றுபோகும். சிதம்பரத்தில் நடந்தது இதுவே. இரண்டு மணி நேரம் பெட்டி இயங்கவே இல்லை. எஞ்சின் நின்ற பின்னும் மின்சாரம் தரும் கார்களில் வேறு தொல்லை. சிறிய காரின் பேட்டரி 35 முதல் 45 ஆம்பியர்-மணி அளவினது. கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஓய்ந்தால்கூட, ஓர் இரவில் பேட்டரியின் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். காலையில் கார் கிளம்ப மறுக்கும். இதைத் தடுக்கவே நல்ல பெட்டிகள் மின்னழுத்தம் குறைந்ததும் தாமே நின்றுவிடும்படி செய்யப்பட்டுள்ளன. மெலிந்த கம்பியிலும் தளர்ந்த செருகியிலும் மின்னழுத்தம் வழியிலேயே குறைவதால், பேட்டரி நிறைந்திருக்கும்போதே பெட்டி 'மின்சாரம் போதவில்லை' என்று நின்றுவிடுவதும் உண்டு. ஓடும் காரிலேயே வெப்பநிலை ஏறுவதன் இரகசியம் பல நேரங்களில் இதுதான்.

மூன்றாவது காரணம், பூட்டிய காரின் வெப்பம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிடச் சராசரி 22 டிகிரி ஏறுவதாகக் கண்டனர். அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியை இரண்டு விரற்கடை திறந்து வைப்பதால் பெரும் பயன் இல்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. நம் ஊர் 38 டிகிரியுடன் 22ஐக் கூட்டிப் பாருங்கள். 60 டிகிரிச் சூட்டில் நின்றுகொண்டு எந்தப் பெட்டி குளிரைக் காக்கும்?

நான்காவது காரணம் நாமே! வீட்டுச் சூட்டில் இருந்த தண்ணீர்ப் புட்டிகளையும் பழங்களையும் நிரப்பிவிட்டு, பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் மூடியைத் திறந்துகொண்டே போகிறோம். வாகனப் பெட்டி ஒரு பொருளைக் குளிர்ந்தபடியே காக்கச் செய்யப்பட்டது. சூடான பொருளைக் குளிர்விக்க அதற்கு நெடுநேரம் பிடிக்கும்.

வெப்பத்தினும் கொடியது பனி

இன்சுலின் ஒரு புரதம். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அதுவரை அந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மரணமே முடிவாயிருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. எட்டைத் தாண்டினால் ஆபத்து என்றே எல்லோரும் அஞ்சுகிறோம். இரண்டுக்குக் கீழே இறங்கினால் என்ன என்று நினைப்பார் அரியர். உண்மையில், மிதமான வெப்பம் இன்சுலினை மெல்ல மெல்லத் தேய்க்கிறது. உறைபனியோ ஒரே இரவில் அதைக் கெடுத்துவிடுகிறது. உறையும்போது புரத இழைகள் ஒன்றோடொன்று திரண்டு ஒட்டிக்கொள்கின்றன. உருகிய பின் அவை பழைய நிலைக்குத் திரும்பும் என்ற உறுதி இல்லை. சில வேளை கட்டி கட்டியாகத் தெரியும். சில வேளை பார்வைக்குத் தெளிவாகவே இருந்து ஏமாற்றும்.

வீட்டுப் பெட்டியே இந்தத் தவற்றைச் செய்கிறது. ஜெர்மனியின் பெர்லின் நகர சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நோயாளிகள் இன்சுலின் வைக்கும் இடங்களில் சிறு வெப்பமானிகளைப் பொருத்திப் பார்த்து 2018இல் முடிவை அறிவித்தார்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த இன்சுலின், நாளொன்றுக்குச் சராசரி இரண்டரை மணி நேரம் விதித்த எல்லைக்கு வெளியே இருந்தது. பதினேழு சதவீத வெப்பமானிகளில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழேயே சென்றிருந்தது! கையோடு எடுத்துச் சென்ற இன்சுலினோ நாளொன்றுக்குச் சில நிமிடங்களே எல்லை மீறியிருந்தது. பெட்டியை நம்பி நாம் கவலை மறக்கிறோம். பையில் இருப்பதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறோம் போலும்!

தடுப்பூசிப் பணியாளர்கள் இந்தப் பாடத்தை முன்பே கற்றவர்கள். 1995இல் தொடங்கிய போலியோ ஒழிப்பு முகாம்களின்போது, தோளில் ஒரு சிறு பெட்டியுடன் நம் வீதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உழைப்பின் பயனாகவே 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. போலியோ சொட்டு மருந்து உறைவதற்கு அஞ்சாதது. ஆனால் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசி உறைந்தால் வீணாகிவிடும். ஆகவே அதை எடுத்துச் செல்லும் பணியாளர்கள் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதிகளை உடனே மருந்தின் பக்கத்தில் வைப்பதில்லை. அவற்றை வெளியே வைத்து, மேற்புறம் வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே நீர் அலசும் ஓசை கேட்கும்வரை காத்திருப்பார்கள். உறைபெட்டியில் 18 டிகிரி கீழே இருந்த பனிக்கட்டி, நீர் கலந்த நிலைக்கு வந்ததும் 0 டிகிரியில் நின்றுவிடும். அதன் பிறகே மருந்துக்குத் துணையாகும். ஐஸ் பெட்டியில் இன்சுலின் எடுத்துச் செல்லும் ஒவ்வொரு வீட்டாரும் இந்தக் குலுக்கிப் பார்க்கும் வழக்கத்தைக் கடைப்பிடித்தால் எத்தனையோ குப்பிகள் தப்பும்.

பதறவும் வேண்டாம்

இவ்வளவையும் படித்துவிட்டு, 'பெட்டி 12 காட்டியது. மருந்தைக் கொட்டிவிட்டேன்' என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. வழியில் புது மருந்து கிடைக்காமல் ஊசியைத் தவறவிடுவது, சற்றே வெப்பம் பட்ட ஊசியைவிடப் பெரிய தீங்கு.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு ஆறுதல் தருவது. கென்யாவின் தாகாஹலே அகதிகள் முகாமில் ஏழை வீடுகளின் வெப்பநிலையை அளந்தார்கள். இரவில் 25, பகலில் 37 என்று அது நாள்தோறும் ஏறி இறங்கிற்று. அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, நான்கு வாரங்கள் இன்சுலினை அதில் வைத்துச் சோதித்தார்கள். குளிரில் வைத்ததற்கும் இதற்கும் வீரியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காரணத்தால் நாள்தோறும் மருத்துவமனைக்கு நடந்துவந்த ஏழைகளுக்கு, வீட்டிலேயே மருந்து வைத்துக்கொள்ளும் வழியை இது திறந்தது. 2023இல் காக்ரேன் நிறுவனம் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, திறக்காத மனித இன்சுலின் 25 டிகிரிக்கு மிகாமல் ஆறு மாதமும், 37 டிகிரிக்கு மிகாமல் இரண்டு மாதமும் வீரியம் காக்கக் கூடும் என்று கூறியது.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். பயன்பாட்டில் உள்ள குப்பியையோ பேனாவையோ பெரும்பாலும் 30 டிகிரிக்குள், நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம் என்றே தயாரிப்பாளர்கள் அச்சிடுகிறார்கள். வகைக்கு வகை இது மாறும். உங்கள் மருந்தின் உறையில் உள்ளதே உங்களுக்குரிய கணக்கு. மேலும் 37 டிகிரி என்பது வீட்டு வெப்பம். பூட்டிய காரின் 60 டிகிரி அன்று. காரின் முன்பலகையில் வெயில் படும்படி வைத்த இன்சுலினுக்கு எந்த ஆய்வும் அடைக்கலம் தராது.

நம் முன்னோரின் மண்பானையை இங்கே நினைவுகூர வேண்டும். நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி பிறக்கிறது. நீரில் நனைத்தால் குளிரும் துணிப் பைகள் இன்று மருந்துக்கடைகளில் விற்கப்படுகின்றன. அவையும் பானையின் தத்துவமே. மின்சாரம் வேண்டாம், உறைந்துபோகும் அச்சமும் இல்லை. வறண்ட காற்றில் இவை நன்கு குளிரும். நம் புதுவை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதியாதலால் குளிர்ச்சி சற்றுக் குறையும். என்றாலும் கொதிக்கும் காரைவிட, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்ட அந்த ஈரப்பை எவ்வளவோ மேல்.

புனிதப் பயணம் செல்வோருக்கு இது இன்னும் முக்கியம். 2024 ஜூன் 17 அன்று மக்காவின் ஹரம் ஷரீஃபில் 51.8 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. ஹஜ், உம்ராவுக்குச் செல்லும் சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை விமானத்தின் சரக்குப் பெட்டியில் போடாமல், மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மினாவிலும் அரஃபாவிலும் ஈரப்பையோ சிறு குளிர்ப்பையோ உடன் இருக்கட்டும்.

இல்லத்தரசிகளுக்குச் சில யோசனைகள்

புறப்படுவதற்கு முந்தைய இரவே பெட்டியை வீட்டு மின்சாரத்தில் இணைத்துக் குளிர வையுங்கள். உள்ளே வைப்பவை யாவும் ஏற்கெனவே குளிர்ந்தவையாக இருக்கட்டும். பெட்டி காலியாக இருந்தால் வெப்பநிலை அதிகம் ஆடும். குளிர்ந்த தண்ணீர்ப் புட்டிகளால் இடத்தை நிரப்பினால் நிதானப்படும்.

மருந்தைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, துண்டால் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். குளிர்ச் சுவரையும் ஐஸ் கட்டியையும் அது தொடலாகாது. அளவை 5 டிகிரியில் வைத்துவிட்டு, எண் ஏறினாலும் அடிமட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பெட்டி விரைவாகக் குளிர்வதற்கு அது வழியன்று. நீங்கள் மறந்த வேளையில் மருந்து உறைவதற்கே வழி.

பெட்டியின் கண்ணாடி எண்ணை மட்டும் நம்பாமல், மீச்சிறு, மீப்பெரு அளவுகளை நினைவில் வைக்கும் மலிவான மின்னணு வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். அதன் கம்பி முனையை நீர் நிறைந்த சிறு புட்டியில் அமிழ்த்தி மருந்தின் அருகில் வையுங்கள். அப்போதுதான் மருந்து அடையும் உண்மையான வெப்பநிலை தெரியும். இரவெல்லாம் என்ன நடந்தது என்பதையும் அது காலையில் சாட்சி சொல்லும். புதிய பெட்டியை வாங்கியதும், மருந்தை வைக்கும் முன் ஒரு பகலும் ஓர் இரவும் இப்படிச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை.

பிள்ளைகளின் குளிர்பானத்துக்குத் தனியே ஓர் ஐஸ் பெட்டி வைத்துவிட்டால் மருந்துப் பெட்டி திறக்கப்படாமல் இருக்கும். காரை நிழலில் நிறுத்துங்கள். உணவுக்கு இறங்கும்போது மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுச் செல்வோமா?

பெருநாள் காலத்தில் குர்பானி இறைச்சியைக் காரில் உறவினர் ஊருக்கு எடுத்துச் செல்வோருக்கும் ஒரு சொல். உணவைப் பொறுத்தவரை 5 டிகிரிக்குக் கீழும் 60 டிகிரிக்கு மேலும் பாதுகாப்பானவை. இடைப்பட்ட வெப்பமே கிருமிகள் பெருகும் இடம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடலாகாது. இறைச்சி உறைந்தாலும் கெடாது. மருந்து உறைந்தால் கெடும். எனவே இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம். இறைச்சிக்குத் தேவையான குளிர் மருந்துக்கு எமன்.

எவ்வளவு கவனமாக இருந்தும் மருந்து உறைந்துவிட்டால், தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். தெளிந்திருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலும், கட்டி கட்டியாகத் தெரிந்தாலும், காரணமின்றிச் சர்க்கரை ஏறினாலும் மருந்தின் மீது ஐயம் கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். மாற்றுக் குப்பி ஒன்று எப்போதும் வேறு பையில் இருக்கட்டும்.

அந்த மகன் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? பெட்டியை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. அதே பெட்டி, அதே கார். நடுவில் துண்டு சுற்றிய டப்பா, அருகில் வெப்பமானி. பயணத்தின்போது வழியில் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் மருந்தைத் தம் சட்டைப் பக்கத்துப் பையில் எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறார். "மருந்தைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன் மாமா, வாப்பா அதை என்னிடம் அல்லவா ஒப்படைத்திருந்தார்?" என்று அவர் என்னிடம் சொன்னார்.

ஆம், வாசகர்களே! நம் பெரியவர்களின் மருந்து நம் கையில் தரப்பட்ட அமானிதம். இயந்திரம் அதற்கு உதவலாம், காவல் நம்முடையது. அடுத்த பயணத்துக்குப் பெட்டியைக் கட்டும்போது, மூடியை மூடும் முன் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள்: மருந்து சுவரைத் தொடாமல் இருக்கிறதா?